அறியாவினாவும் அறிவினாவும்

நுழையும்முன்

ஏட்டில் எழுதிவைத்த கணக்கு, ஏட்டைப் புரட்டினால் கண்ணில் படும். கணினியில் சேர்த்துவைத்த தரவோ கேட்டால்தான் கிடைக்கும். கேட்கும் முறை பிழைத்துவிட்டால் கணினி எல்லா நேரமும் எச்சரிப்பதில்லை; தவறான விடையையும் அதே அமைதியோடு தந்துவிடுகிறது. ஒரு பள்ளி நூலகத்தில் எழுந்த எளிய கேள்வி ஒன்றை முன்வைத்து, தரவுத்தளத்திடம் வினவும் முறையையும் வினவலில் மறைந்திருக்கும் பிழையைத் தேடிக் களையும் முறையையும் இப்பாடம் விளக்குகிறது.

வினா ஆறு வகைப்படும் என்பதை இலக்கணம் பயின்றோர் அறிவர். அவற்றுள் முதலிரண்டு அறிவினாவும் அறியாவினாவும் ஆகும். விடை தனக்குத் தெரிந்திருந்தும், மாணவருக்குத் தெரியுமா என்று சோதிக்க ஆசிரியர் கேட்பது அறிவினா. தான் அறியாத ஒன்றை அறிந்துகொள்ளும்பொருட்டுப் பிறரிடம் கேட்பது அறியாவினா. தரவுத்தளத்தை நோக்கி எழுப்பப்படும் வினவல்கள் பெரும்பாலும் அறியாவினாக்களே. விடை முன்பே தெரிந்திருந்தால் ஆயிரக்கணக்கான பதிவுகளைத் துழாவ வேண்டிய தேவை இராது. ஆயினும், வினவல் சரியாக எழுதப்பட்டிருக்கிறதா என்று சோதிக்க வேண்டிய வேளையில் அறியாவினா உதவாது. விடை தெரியாத கேள்விக்கு வந்த விடை சரியா தவறா என்பதை எவ்வாறு கண்டறிவது? அங்கு அறிவினாவே துணை நிற்கும்.

அட்டவணைகளின் உலகம்

இங்கிலாந்தில் பிறந்து, அமெரிக்காவில் ஐ.பி.எம். நிறுவனத்தின் சான் ஓசே ஆய்வுக்கூடத்தில் பணியாற்றியவர் எட்கர் காட். பெருந்தரவுகளை ஒன்றோடொன்று உறவுடைய அட்டவணைகளாக அமைக்கலாம் என்னும் கருத்தை 1970-ஆம் ஆண்டில் அவர் ஒரு கட்டுரையாக வெளியிட்டார். அதற்கு முன்னர், தரவைத் தேடுபவர் அத்தரவு எங்கே இருக்கிறது, எந்தச் சுட்டியைப் பற்றிச் சென்றால் அதனை அடையலாம் என்னும் வழியையும் நிரலாக எழுதவேண்டியிருந்தது. காட்டின் முறையில் வழியைக் கூறவேண்டியதில்லை. வேண்டுவது இன்னது என்று கூறினால் போதும். வழியைக் கணினி தேர்ந்துகொள்ளும். இப்பணிக்காக அவருக்கு 1981-ஆம் ஆண்டின் டூரிங் விருது வழங்கப்பட்டது.

அவரது கருத்தைப் பின்பற்றி, அதே நிறுவனத்தைச் சேர்ந்த டொனால்டு சாம்பர்லின், ரேமண்ட் பாய்ஸ் ஆகிய இருவரும் 1974-இல் 'சீக்வல்' என்னும் வினவல் மொழியை அறிமுகம் செய்தனர். கணித வல்லுநர் அல்லாதாரும் ஆங்கிலத் தொடர் போன்ற அமைப்பில் தரவைக் கேட்டுப்பெற வேண்டும் என்பது அவர்களின் நோக்கம். அப்பெயர் வேறொரு நிறுவனத்தின் வணிகக்குறியாக இருந்தமையால் பின்னர் எஸ்.க்யூ.எல். எனச் சுருங்கியது. 1986-இல் அமெரிக்கத் தர நிறுவனமும் 1987-இல் பன்னாட்டுத் தர அமைப்பும் இதனைத் தரப்படுத்தின. அரை நூற்றாண்டு கடந்தும் வங்கி, தொடர்வண்டி முன்பதிவு, மருத்துவமனை, தேர்வுத்துறை எனத் தரவு சேரும் இடங்களிலெல்லாம் இம்மொழியே பெரிதும் வழங்கிவருகிறது.

வழியைக் கணினியிடம் விட்டுவிட்டதனால் கேட்பவரின் பொறுப்பு குறைந்துவிட்டதா? கூடிவிட்டது என்பதே பொருந்தும். எதைக் கேட்கிறோம் என்பதைத் தெளிவாகக் கூறும் கடமை முழுவதும் அவர்மேல் விழுகிறது.

ஒரு பள்ளியின் கேள்வி

ஒரு மேனிலைப் பள்ளியை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். அங்குப் பயில்வோர் 412 பேர். நூலகப் பதிவேடு சில ஆண்டுகளாகக் கணினியில் பேணப்படுகிறது. 'மாணவர்' என்னும் அட்டவணையில் மாணவர் எண், பெயர், வகுப்பு, பிரிவு ஆகியன உள்ளன. 'இரவல்' என்னும் அட்டவணையில் இரவல் எண், மாணவர் எண், நூல் எண், எடுத்த நாள், திரும்பிய நாள் ஆகியன உள்ளன. இரண்டையும் இணைக்கும் பாலம் மாணவர் எண்.

"இக்கல்வியாண்டில் நூலகத்திலிருந்து ஒரு நூல்கூட எடுக்காத மாணவர் யார் யார்?" என்று தலைமையாசிரியர் கேட்கிறார். அவர்களை அழைத்துப் பேசி, விருப்பத்திற்கேற்ற நூலைக் கையில் கொடுத்துப் படிக்கத் தூண்டவேண்டும் என்பது அவர் எண்ணம். கணினி அறிவியல் பயிலும் மாணவர் ஒருவரிடம் இப்பணி ஒப்படைக்கப்படுகிறது. அவர் எழுதிய வினவல் பின்வருமாறு அமைந்தது. ஆங்கில எழுத்தில் தட்டச்சு செய்யப்படும் கட்டளைச் சொற்கள் இங்கு ஒலிப்புமுறையில் தமிழில் தரப்பட்டுள்ளன.

செலக்ட் பெயர்
ஃப்ரம் மாணவர்
வேர் மாணவர்_எண் நாட் இன்
(செலக்ட் மாணவர்_எண் ஃப்ரம் இரவல்
வேர் எடுத்த_நாள் >= '2024-06-01');

அடைப்புக்குள் இருக்கும் உள்வினவல், இவ்வாண்டில் நூல் எடுத்தவர்களின் எண்களைத் திரட்டுகிறது. வெளிவினவல், அத்திரட்டில் இல்லாத மாணவரின் பெயர்களைக் கேட்கிறது. படித்துப்பார்ப்பவருக்குக் குறை எதுவும் தோன்றாது. கணினியும் மறுப்புக் கூறவில்லை. விடையாக வந்தவை சுழியம் வரிசைகள்.

"டீச்சர், பட்டியல் வெறுமையாக வந்திருக்கிறது. நூல் எடுக்காதவர் என்று ஒருவரும் இல்லை!" என்று மகிழ்ச்சியோடு கூறினார் மாணவர்.

நூலகப் பொறுப்பாசிரியர் சற்றே தயங்கினார். "ஒருவரும் இல்லையா? செல்வி இந்த ஆண்டு ஒரு நூலும் எடுக்கவில்லையே, தம்பி. சன்னலோரம் அமர்ந்து நாளிதழ் மட்டும் பார்த்துவிட்டுப் போவாள். அவள் பெயராவது வந்திருக்க வேண்டுமே?"

ஆசிரியர் கேட்ட இக்கேள்வி ஓர் அறிவினா. விடை அவருக்கு முன்பே தெரியும். அவ்வொரு பெயர் நினைவில் இல்லாதிருந்தால், வெறும் பட்டியல் நற்செய்தியாகத் தலைமையாசிரியர் அறைக்குச் சென்றிருக்கும். யாரைத் தேடி இக்கேள்வி எழுப்பப்பட்டதோ அவர்களே எவர் கண்ணிலும் படாமல் போயிருப்பர்.

இருவகைப் பிழைகள்

வினவலில் நேரும் பிழைகளை இரண்டாகப் பகுக்கலாம். முதலாவது மொழிப்பிழை. காற்புள்ளி விடுபடலாம்; அட்டவணையின் பெயர் தவறலாம்; அடைப்புக்குறி மூடப்படாதிருக்கலாம். இவற்றைப் பெரும்பாலும் கணினியே உடனுக்குடன் சுட்டிக்காட்டும். தொடக்கநிலையில் இவை எரிச்சலூட்டினாலும் இவற்றால் பெருந்தீங்கு இல்லை. அடையாளம் காட்டிக்கொண்டு வரும் பகை அது.

இரண்டாவது பொருட்பிழை. தொடர் இலக்கண வழுவின்றி இருக்கும், வினவல் இயங்கும், விடையும் வரும். அவ்விடை கேட்ட கேள்விக்கு உரியதாக இராது. இவ்வகைப் பிழையைக் கணினியால் உணர இயலாது. கேட்டவரின் உள்ளத்தில் இருந்த கேள்வி அதற்குத் தெரியாது, எழுதப்பட்ட கேள்வி மட்டுமே தெரியும். பிழைநீக்கம் என்னும் பணியின் பெரும்பகுதி, இவ்விரு கேள்விகளுக்கும் இடையிலுள்ள இடைவெளியைக் கண்டுபிடிப்பதில்தான் கழிகிறது.

தெரிந்து தெளிவோம்

கணினிப் பிழையை ஆங்கிலத்தில் பூச்சி என்னும் பொருள்படும் 'பக்' என்ற சொல்லால் குறிப்பர். 1947-ஆம் ஆண்டு செப்டம்பர் 9-ஆம் நாள், ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் 'மார்க் 2' கணிப்பொறியில் ஓர் அந்துப்பூச்சி சிக்கியிருந்ததைக் கண்டெடுத்தனர். அதனைப் பணிக்குறிப்பேட்டில் ஒட்டி, மெய்யாகவே பூச்சி ஒன்று கண்டுபிடிக்கப்பட்டதாக நகைச்சுவையோடு குறித்துவைத்தனர். அக்குழுவில் பணியாற்றிய கிரேஸ் ஹாப்பர் இந்நிகழ்வைப் பலருக்கும் எடுத்துரைத்துப் புகழ்பெறச் செய்தார். பொறியாளரிடையே அச்சொல் அதற்குப் பல்லாண்டு முன்னரே வழங்கிவந்தது. 1878-இல் தாமஸ் எடிசன் எழுதிய கடிதத்திலும் அது காணப்படுகிறது.

படிப்படியாய்த் தேடல்

விடை தவறு என்று தெரிந்தவுடன் வினவலில் ஆங்காங்கே சொற்களை மாற்றிப் பார்ப்பது பலரின் இயல்பு. அவ்வாறு செய்யும்போது சிலவேளை சரியான விடை வந்துவிடும்; ஏன் வந்தது என்பது தெரியாது. இம்மாணவர் அவ்வழியில் செல்லவில்லை. வினவலைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதியும் எத்தனை வரிசைகளைத் தருகிறது என்று எண்ணத் தொடங்கினார். கடைக்காரர் இரவில் கல்லாப்பணம் ஒத்துவராதபோது நாளேட்டை வரிவரியாகச் சரிபார்ப்பதைப் போன்றது இது.

முதலில் மாணவர் அட்டவணையில் உள்ள வரிசைகளை எண்ணினார். 412 வந்தது. வருகைப்பதிவேட்டின் எண்ணிக்கையும் அதுவே. எனவே அவ்வட்டவணையில் ஐயமில்லை.

அடுத்து, அடைப்புக்குள் இருந்த உள்வினவலை மட்டும் தனியே இயக்கினார். இவ்வாண்டின் இரவல்கள் 1,903 வரிசைகளாக வந்தன. ஒருவரே பலமுறை நூல் எடுத்திருப்பார் ஆகையால், திரும்பத் திரும்ப வரும் எண்களை நீக்கித் தனித்த எண்களை மட்டும் பட்டியலிடும் 'டிஸ்டிங்க்ட்' என்னும் சொல்லைச் சேர்த்தார். இப்போது 376 வரிசைகள். 412-இலிருந்து 376-ஐக் கழித்தால் 36. ஏறத்தாழ அத்தனை பெயர்கள் வந்திருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமே வரவில்லை என்பது உறுதியாயிற்று. பிழை, உள்வினவல் தரும் பட்டியலிலோ, அப்பட்டியலை வெளிவினவல் ஒப்பிடும் முறையிலோ இருக்கவேண்டும்.

எண்ணிக்கையை மறுபடி சரிபார்க்க எண்ணி, கணினியையே எண்ணச் சொன்னார். கவுண்ட்(டிஸ்டிங்க்ட் மாணவர்_எண்) என்று கேட்டபோது வந்த விடை 375. பட்டியலாகக் கேட்டால் 376. எண்ணச் சொன்னால் 375. ஒன்று குறைகிறது. இத்தகைய சிறு முரணைச் சலிப்போடு ஒதுக்கிவிடுவோர் உண்டு. பிழையின் வால் பெரும்பாலும் இங்குதான் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்.

376 வரிசைகளையும் மேலிருந்து கீழாகப் பார்த்துவந்தபோது, ஓரிடத்தில் எண்ணே இல்லாத வரிசை ஒன்று தென்பட்டது. மாணவர் எண் இருக்கவேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. அவ்வெறுமையைப் பட்டியல் ஒரு வரிசையாகக் காட்டிற்று. எண்ணும் செயற்கூறு அதனை எண்ணாமல் விட்டுவிட்டது.

இல்லாமையும் அறியாமையும்

தரவுத்தளத்தில் மதிப்பு இடப்படாத இடத்தை 'நல்' என்பர். நன்மையைக் குறிக்கும் தமிழ் 'நல்' வேறு. இது வெற்று மதிப்பு. இதனைச் சுழியம் என்று கருதுதல் கூடாது. சுழியம் ஓர் எண். அதனைக் கூட்டலாம், ஒப்பிடலாம். வெற்று மதிப்போ, இங்கு இருக்கவேண்டியது இன்னதென்று தெரியவில்லை என்னும் குறிப்பு.

தெரியாத ஒன்றோடு எதனை ஒப்பிட்டாலும் விடை 'தெரியாது' என்றே அமையும். ஆகவே எஸ்.க்யூ.எல். மொழியில் ஒரு கூற்று உண்மை, பொய், அறியப்படாதது என்னும் மூன்று நிலைகளுள் ஒன்றைப் பெறும். 'வேர்' என்னும் நிபந்தனைப் பகுதி, உண்மை என்று உறுதிப்பட்ட வரிசைகளை மட்டுமே உள்ளே விடும். பொய்யானதையும் அறியப்படாததையும் அது ஒருசேரத் தடுத்துவிடும்.

இதனை ஓர் உவமையால் விளங்கிக்கொள்ளலாம். திருமண வீட்டில் மொய் எழுதிய ஏடு ஒன்று இருக்கிறது. அதில் ஒரு பெயரின்மேல் மை கொட்டி, எழுத்துகள் அழிந்துவிட்டன. "அமுதா மொய் எழுதினாரா?" என்று கேட்டால், அவர் பெயர் வேறோரிடத்தில் தெளிவாக இருக்கிறது, ஆம் என்று கூறிவிடலாம். "செல்வி எழுதவில்லை என்று உறுதியாகக் கூறமுடியுமா?" என்று கேட்டால் என்ன செய்வது? தெளிவாக உள்ள பெயர்களுள் செல்வி இல்லை. ஆனால், மை மூடிய பெயர் செல்வியாக இருக்கலாமே? நேர்மையான கணக்கர், "உறுதி கூற இயலாது" என்றே விடை தருவார். அழிந்த பெயர் ஒன்று அவ்வேட்டில் இருக்கும்வரை, எவரைப் பற்றியும் 'அவர் எழுதவில்லை' என்று அவரால் உறுதிகூற இயலாது.

பள்ளியின் வினவலில் நிகழ்ந்ததும் இதுவே. 'நாட் இன்' என்னும் சொல், பட்டியலிலுள்ள ஒவ்வோர் எண்ணோடும் ஒப்பிட்டு, அனைத்திலிருந்தும் வேறுபட்டால்தான் உண்மை எனக் கொள்ளும். 375 எண்களிலிருந்தும் செல்வியின் எண் வேறுபட்டது. வெற்றிடத்தோடு ஒப்பிட்டபோது விடை 'அறியப்படாதது' ஆயிற்று. அந்த ஒன்றால் முழுக்கூற்றும் அறியப்படாததாகி, செல்வி விலக்கப்பட்டாள். அவளைப் போன்ற ஒவ்வொருவரும் அவ்வாறே விலக்கப்பட்டனர். கணினி தன் இலக்கணத்தின்படி நேர்மையாகவே நடந்துகொண்டது.

வெற்றிடங்கள் எங்கிருந்து வந்தன என்று பார்ப்பதற்காக மாணவர் 'மாணவர்_எண் = நல்' என்று நிபந்தனையிட்டார். மீண்டும் சுழியம் வரிசைகள். வெற்றிடம் வெற்றிடத்திற்குச் சமமா என்று கேட்டாலும் 'தெரியாது' என்பதே விடை. தெரியாத இரண்டு ஒன்றாக இருக்கவேண்டும் என்பதில்லை. 'மாணவர்_எண் இஸ் நல்' என்பதே முறையான தொடர். அவ்வாறு கேட்டபோது 14 வரிசைகள் வந்தன. அவை அனைத்தும் ஆசிரியர்கள் எடுத்துச்சென்ற நூல்கள். ஆசிரியருக்கு மாணவர் எண் இல்லையாதலால், பதிந்தவர் அவ்விடத்தை வெறுமையாக விட்டிருந்தார்.

"இந்தப் பதினான்கையும் அழித்துவிட்டால் வினவல் சரியாகிவிடும், டீச்சர்" என்றார் மாணவர். "அழித்துவிட்டால் அந்த நூல்கள் யாரிடம் இருக்கின்றன என்று பிறகு யாரைக் கேட்பாய்?" என்று பொறுப்பாசிரியர் தடுத்தார். வினவலின் பிழைக்காகத் தரவைத் தண்டிப்பது தொடக்கநிலையாளர் பலரும் செய்யும் தவறு. நீக்கவேண்டிய உண்மையான தேவை எழும்போதும், 'டெலீட்' கட்டளையை எழுதுவதற்கு முன் அதே நிபந்தனையைச் 'செலக்ட்' கட்டளையில் இட்டு, எந்தெந்த வரிசைகள் அகப்படுகின்றன என்று கண்ணால் பார்ப்பது நலம். நிபந்தனைப் பகுதியை மறந்து நீக்கற்கட்டளையை இயக்கினால் அட்டவணை முழுவதும் வெறுமையாகிவிடும். மாற்றத்தை உறுதிசெய்யும் முன்னர் முன்னைய நிலைக்குத் திரும்ப உதவும் 'ரோல்பேக்' வசதியும் உண்டு. ஆனால், பரிமாற்றத்தை முறைப்படி தொடங்கியிருந்தால்தான் அது கைகொடுக்கும்.

சிறு தரவில் பெருஞ்சோதனை

திருத்திய வினவலை உடனே பெரிய அட்டவணையில் இயக்கவில்லை. ஐந்து மாணவரை மட்டும் கொண்ட சோதனை அட்டவணை ஒன்றை அவர் அமைத்தார். அமுதா இவ்வாண்டில் இரண்டு நூல்கள் எடுத்தவர், இளவரசன் ஒன்று. செல்வி எப்போதும் எடுக்காதவர். நசீர் சென்ற ஆண்டில் எடுத்தார், இவ்வாண்டில் எடுக்கவில்லை. மேரி இரண்டு ஆண்டுகளிலும் ஒவ்வொன்று எடுத்தவர். இவற்றோடு மாணவர் எண் இல்லாத ஓர் இரவலையும் வேண்டுமென்றே சேர்த்தார். வினவலை இயக்கும் முன்னரே தாளில் விடையை எழுதிவைத்தார்: செல்வி, நசீர்.

செலக்ட் மா.பெயர்
ஃப்ரம் மாணவர் மா
வேர் நாட் எக்ஸிஸ்ட்ஸ்
(செலக்ட் 1 ஃப்ரம் இரவல் இ
வேர் இ.மாணவர்_எண் = மா.மாணவர்_எண்
அண்ட் இ.எடுத்த_நாள் >= '2024-06-01');

'நாட் எக்ஸிஸ்ட்ஸ்' என்பது கேள்வியின் போக்கையே மாற்றுகிறது. பட்டியலிலுள்ள ஒவ்வொன்றிலிருந்தும் இவர் வேறுபட்டவரா என்று அது கேட்பதில்லை. இவருக்குரிய இரவல் ஒன்றேனும் உண்டா என்று தேடி, இல்லையெனில் பெயரைத் தருகிறது. வெற்றிடமுள்ள வரிசை எவரோடும் பொருந்தாமல் ஒதுங்கிவிடுகிறது. சோதனை அட்டவணை செல்வி, நசீர் என்னும் இரு பெயர்களையே தந்தது. அதன்பின் முழு அட்டவணையில் இயக்கியபோது 37 பெயர்கள் வந்தன. 412-இலிருந்து 375 போக எஞ்சுவதும் 37. இருவேறு வழிகளில் வந்த எண்கள் ஒன்றுபட்ட பிறகே மாணவர் பட்டியலை அச்சிட்டார்.

சேர்ப்பில் மறையும் பெயர்கள்

ஒவ்வொரு மாணவரும் இவ்வாண்டில் எத்தனை நூல்கள் எடுத்தார் என்னும் கணக்கையும் தலைமையாசிரியர் கேட்டார். இதற்கு இரண்டு அட்டவணைகளையும் சேர்க்கவேண்டும். இணையான பதிவு இல்லாத மாணவரும் விடுபடாதிருக்க 'லெஃப்ட் ஜாயின்' என்னும் இடப்பக்கச் சேர்ப்பு உதவும். இரவல் இல்லாத மாணவரின் வரிசையில் இரவலுக்குரிய இடங்கள் வெறுமையாக நிரப்பப்படும். மாணவர் இம்முறையைச் சரியாகவே தேர்ந்தார். ஆயினும், நாளைக் குறித்த நிபந்தனையை வழக்கம்போல் 'வேர்' பகுதியில் எழுதினார். சோதனை அட்டவணையில் செல்வியும் நசீரும் மீண்டும் காணாமற்போயினர்.

காரணத்தை இம்முறை கண்டறிவது எளிதாயிற்று. செல்வியின் வரிசையில் எடுத்த நாள் வெறுமை. அதனை ஜூன் முதல் நாளோடு ஒப்பிட்டால் விடை 'அறியப்படாதது'. நசீருக்கு உள்ள ஒரே இரவல் சென்ற ஆண்டினது. அது பொய்யாகி விலகியது. இடப்பக்கச் சேர்ப்பு அரும்பாடுபட்டு உள்ளே கொண்டுவந்தவர்களை நிபந்தனைப் பகுதி வெளியே அனுப்பிவிட்டது. நாள் குறித்த நிபந்தனையைச் சேர்ப்புக்குரிய 'ஆன்' பகுதிக்கு மாற்றியவுடன் ஐந்து பெயர்களும் வந்தன.

அப்போதும் ஒரு வியப்பு காத்திருந்தது. செல்விக்கு நேரே 1 என்று இருந்தது, நசீருக்கும் 1. எடுக்காத நூலை எடுத்ததாக ஒரு கணக்கு! உடுக்குறியிட்ட கவுண்ட்(*), வரிசைகளை எண்ணுவது. வெற்றிடங்களால் நிரம்பியிருந்தாலும் செல்விக்கு ஒரு வரிசை இருக்கிறதல்லவா? அதனை அது எண்ணிவிட்டது. கவுண்ட்(இ.இரவல்_எண்) என்று எழுதினால், வெறுமையல்லாத இரவல் எண்கள் மட்டும் எண்ணப்பட்டு, இருவருக்கும் சுழியம் கிடைக்கும். முன்பு முரணைக் காட்டித்தந்த அதே இயல்பு இங்கே திருத்தமாகப் பயன்பட்டது.

எழுதும் வரிசையும் இயங்கும் வரிசையும்

வினவல் 'செலக்ட்' என்று தொடங்குகிறது. ஆங்கிலத்தில் ஏவல்வினை தொடரின் முதலில் வரும். பொருள்கொள்ளும் வரிசையோ அதுவன்று. முதலில் 'ஃப்ரம்' பகுதியிலுள்ள அட்டவணைகள் கொள்ளப்படுகின்றன. அடுத்து 'வேர்' வரிசைகளை வடிகட்டுகிறது. பின்னர்க் 'குரூப் பை' குழுக்களாக்குகிறது. 'ஹேவிங்' குழுக்களை வடிகட்டுகிறது. அதன்பிறகே 'செலக்ட்' வேண்டிய புலங்களைத் தெரிவுசெய்கிறது. 'ஆர்டர் பை' இறுதியில் வரிசைப்படுத்துகிறது. கணினி உள்ளே விரைவுக்காக வேறு வழியில் செயல்பட்டாலும், இவ்வரிசையில் செய்தால் வரக்கூடிய விடையையே தரவேண்டும்.

தமிழில் சிந்திப்பவருக்கு இதில் ஒரு வசதி உண்டு. "மாணவர் பட்டியலிலிருந்து, பதினொன்றாம் வகுப்பில் பயில்வோரின், பெயர்களை எடு" என்னும் தொடரில் இடம் முதலிலும் நிபந்தனை நடுவிலும் வினை இறுதியிலும் வருகின்றன. வினவல் பொருள்கொள்ளப்படும் வரிசை ஏறத்தாழ இதுவே. எனவே, வேண்டிய கேள்வியை முதலில் தமிழ்த் தொடராக எழுதிக்கொண்டு, 'ஃப்ரம்' பகுதியிலிருந்து வினவலைக் கட்டி, ஒவ்வொரு பகுதியைச் சேர்த்ததும் இயக்கிப் பார்த்துச் செல்வது நல்ல பழக்கம். பத்து வரிகளை ஒருசேர எழுதிவிட்டுப் பிழையைத் தேடுவதைவிட, ஒரு வரி எழுதி ஒருமுறை எண்ணுவது விரைவாக முடியும்.

37 பெயர்களுக்குத் திரும்பலாம். பட்டியலைப் பிரிவுவாரியாகக் குழுப்படுத்திப் பார்த்தபோது, 26 பேர் ஒரே பிரிவைச் சேர்ந்தவர்களாக இருந்தனர். செல்வியும் அப்பிரிவினளே. படிக்கும் ஆர்வமற்றவர் அனைவரும் ஒரே பிரிவில் வந்து சேர்ந்திருக்க முடியுமா என்னும் ஐயம் பொறுப்பாசிரியருக்கு எழுந்தது. மாணவர் புதிய வினவல் ஒன்றை எழுதத் தொடங்கினார். அதற்குரிய தரவு எந்த அட்டவணையிலும் இல்லை. ஆசிரியர் அறைச் சுவரில் ஒட்டியிருந்த காலஅட்டவணையில் இருந்தது: அப்பிரிவுக்கு ஒதுக்கப்பட்ட நூலகப் பாடவேளையும் அவர்களின் செய்முறை வகுப்பும் ஒரே நாளில், ஒரே மணியில் அமைந்திருந்தன.

கற்பவை கற்றபின்

1. ஐந்து மாணவர், ஏழு இரவல் பதிவுகள் கொண்ட சோதனை அட்டவணை ஒன்றைத் தாளில் உருவாக்குக. 'ஒரே நூலை இருமுறை எடுத்தவர் யார்?' என்னும் கேள்விக்கு வினவல் எழுதும் முன்னரே விடையைக் கண்டு எழுதுக.

2. 'நூலைத் திருப்பித் தராதவர் பட்டியல்' என்னும் கேள்வியில் திரும்பிய நாள் வெறுமையாக இருப்பது எதனை உணர்த்தும்? ஆசிரியர் எடுத்த நூலில் மாணவர் எண் வெறுமையாக இருப்பதோடு இதனை ஒப்பிட்டு, இரு வெறுமைகளுக்கும் உள்ள பொருள் வேறுபாட்டை வகுப்பறையில் கலந்துரையாடுக.

3. இப்பாடத்தில் இடம்பெற்ற உரையாடல்களில் உள்ள வினாக்களைத் தொகுத்து, ஒவ்வொன்றும் எவ்வகை வினா எனக் காரணத்துடன் எழுதுக.